வீட்டு மின்சாரத்துக்கு வேலி கட்டிய அம்மையார்



நம் சங்க ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, எடிசனைப் பற்றி எழுதலாமா, ஃபாரடேயைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். பெரிய பெயர்கள், பக்கமும் சுலபமாக நிறையும். ஆனால் என் மேஜை மேல் அறுத்தெடுத்த பிளக் ஒன்று கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறொரு பெயர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. டேம் கரோலின் ஹாஸ்லெட். இங்கிலாந்தின் மின் துறை வரலாற்றைப் படிப்பவர்கள் இந்தப் பெயரைத் தாண்டாமல் போக முடியாது. நம் பாடப் புத்தகங்களில்தான் அவர் இல்லை.

அந்த பிளக் என் மேஜைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மாமா, அங்கே தான் உபயோகித்த அயர்ன் பாக்ஸை எங்கள் வீட்டுக்குக் கொடுத்திருந்தார். அதன் பிளக்கில் மூன்று தட்டைப் பின்கள். நம்ம ஊர் சாக்கெட்டோ உருண்டைப் பின்னுக்கானது. மறுநாள் சொந்தத்தில் கல்யாணம், சட்டை கசங்கிக் கிடக்கிறது. கடைத்தெருவுக்குப் போய் ஒரு பிளக் வாங்கி வரச் சோம்பல். கட்டிங் பிளையரை எடுத்தேன், தட்டைப் பின் பிளக்கை ஒரே வெட்டு. பச்சை-மஞ்சள் ஒயரை மடக்கி டேப் சுற்றிவிட்டேன். பிரவுன், நீலம் இரண்டையும் சீவினேன். எங்கள் வீட்டு சாக்கெட்டில் ஷட்டர் உண்டு. மேலே உள்ள பெரிய துளையில் பேனா மூடியைச் சொருகினால் அது திறந்துகொள்ளும் என்பது ஹாஸ்டலில் கற்ற வித்தை. அப்படியே திறந்து, இரண்டு ஒயரையும் நுழைத்து, ஆளுக்கொரு தீக்குச்சியை வைத்து இறுக்கினேன். பெட்டி சூடேறியது. பெருமையாகத்தான் இருந்தது.

வாசலில் யாரோ கூப்பிட, எழுந்து போனேன். பாத்திரம் கழுவிவிட்டு ஈரக் கையோடு அம்மா உள்ளே வந்திருக்கிறாள். அயர்ன் பாக்ஸின் விளக்கு அணைந்திருந்தது. ஒரு ஒயர் சாக்கெட்டிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. ஒயர் கழன்றுவிட்டது, அதனால்தான் பெட்டி நின்றுவிட்டது, அதில் கரண்ட் இருக்காது என்று நினைத்து அதை எடுத்திருக்கிறாள்.

நண்பர்களே, கழன்று விழுந்தது நீலம். அதாவது நியூட்ரல். பிரவுன் ஒயர் சாக்கெட்டிலேயே இருந்தது. அப்படியானால் ஃபேஸ் பிரவுன் வழியாக வந்து, பெட்டியின் எலிமெண்ட்டைத் தாண்டி, நீல ஒயரின் சீவிய முனையில் வந்து நிற்கிறது. 1000 வாட் எலிமெண்ட்டின் ரெசிஸ்டன்ஸ் 53 ஓம் அளவுதான். மனித உடம்பின் ரெசிஸ்டன்ஸோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆகவே தரையில் கிடந்த அந்த முனையில் கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்! பெட்டி நின்றுவிட்டது, ஆனால் கரண்ட் நிற்கவில்லை. தேர்வில் கேட்டால் நான் சரியாகத்தான் எழுதியிருப்பேன்.

அம்மாவைத் தூக்கிப் போட்டது. தலையில் அடி படவில்லை, கை மட்டும் மரத்துப் போயிற்று. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். போர்டில் ஃபியூஸ் போகவே இல்லை. போகவும் போகாது. ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்ற வைத்தது, மனிதனை அல்ல. அம்மா என்னைத் திட்டவில்லை. கரண்ட் படிக்கிற பிள்ளை மாட்டி வைத்தது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் தொட்டேன் என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் வெட்டி எறிந்த பிளக்கை எடுத்து ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு குட்டி ஃபியூஸ், ஒயரைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப், மற்ற இரண்டைவிட நீளமாக விடப்பட்ட எர்த் ஒயர். யாரோ ஒருவர் என் அம்மாவைப் போன்ற ஒருத்தியை மனதில் வைத்து ஒவ்வொன்றையும் யோசித்திருக்கிறார் என்று தோன்றியது. லீவு முடிந்து வந்ததும் லேப் சாரிடம் கேட்டேன், நூலகத்தில் தேடினேன். அப்படிக் கிடைத்தவர்தான் ஹாஸ்லெட் அம்மையார்.

ரயில்வே தொழிலாளியின் மகள்

கரோலின் ஹாஸ்லெட் 1895-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் வொர்த் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ராபர்ட் ஹாஸ்லெட் ரயில்வேயில் சிக்னல் ஃபிட்டர். நம்மில் எத்தனையோ பேருடைய அப்பாவைப் போலக் கையில் ஸ்பானர் பிடித்த மனிதர். கூட்டுறவு இயக்கத்திலும் ஈடுபாடு உள்ளவர். தண்டவாளத்து சிக்னல் தப்பானால் என்ன ஆகும் என்பதை அறிந்த வீடு அது.

ஹேவர்ட்ஸ் ஹீத் என்ற ஊரில் பள்ளிப் படிப்பு. பிறகு லண்டனில் செக்ரட்டரி வேலைக்கான பயிற்சி. அக்காலத்தில் ஓரளவு படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த கதவுகள் இரண்டு மூன்றுதான். டைப்ரைட்டர் அதில் ஒன்று. இன்ஜினியரிங் கல்லூரிப் பட்டம் எதுவும் அவரிடம் கிடையாது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். டிப்ளமோதானே என்று யாராவது நம்மைக் குறைத்துப் பேசினால் சொல்வதற்கு உதவும்.

லண்டனில் வேலை கிடைத்த கம்பெனியின் பெயரைக் கேட்டால் நம் மெக்கானிக்கல் நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கோக்ரன் பாய்லர் கம்பெனி! தெர்மல் பாடத்தில் பக்கம் நிறையப் படம் வரைந்து, ஃபயர் பாக்ஸ், ஸ்மோக் பாக்ஸ் என்று அம்புக்குறி போடுகிறோமே, அதே கோக்ரன் பாய்லர்தான். அங்கே ஆபீஸில் உட்கார்ந்து கடிதம் அடிக்கும் வேலை. அதே நாட்களில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சங்கத்திலும் சேர்ந்தார்.

டைப்ரைட்டரிலிருந்து பாய்லருக்கு

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், தொழிற்சாலைகளுக்குள் பெண்கள் வந்தார்கள். ஹாஸ்லெட் ஆபீஸ் நாற்காலியை விட்டுப் பட்டறைப் பக்கம் போக விரும்பினார். லண்டனிலும், ஸ்காட்லாந்தில் அன்னன் என்ற ஊரில் இருந்த கம்பெனியின் தொழிற்சாலையிலும் அவருக்கு அடிப்படை இன்ஜினியரிங் பயிற்சி கிடைத்தது. நாம் முதலாம் ஆண்டு ஒர்க் ஷாப்பில் ஃபைலைப் பிடித்து உராய்ந்தோமே, அந்த மாதிரிதான் அவருடைய தொடக்கமும்.

போர் முடிந்தது. 1919-ல் வந்த ஒரு சட்டம், போருக்கு முன்பிருந்த வேலை முறைகளையே மறுபடி கொண்டுவந்தது. பட்டறைக்கு வந்த பெண்களை இனி வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்ப அது வழி செய்தது. இதை எதிர்த்து அதே 1919-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி சில பெண்கள் சேர்ந்து பெண் பொறியாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் கேத்தரின் பார்சன்ஸும் அவர் மகள் ரேச்சல் பார்சன்ஸும் உண்டு. கேத்தரின் யார் தெரியுமா? ஸ்டீம் டர்பைனைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸின் மனைவி. நாம் ரியாக்ஷன் டர்பைன் என்று படிக்கும் பார்சன்ஸ் டர்பைன் அவருடையது.

அந்தச் சங்கத்துக்கு முதல் செயலாளராக வந்தவர் ஹாஸ்லெட். அப்போது அவருக்கு வயது 23. கோக்ரன் கம்பெனியின் நிலையான வேலையை விட்டுவிட்டு, கையில் அதிகப் பணம் இல்லாத ஒரு புதுச் சங்கத்துக்கு வந்தார். சங்கத்தின் பத்திரிகைக்கும் அவரே முதல் ஆசிரியர். 1932 வரை அதை நடத்தினார். நம் மலர்க் குழுவினர் ஒரு மலர் போடுவதற்கே படும் பாட்டைப் பார்க்கிறேன். 13 ஆண்டுகள் ஒரு பத்திரிகையை நடத்துவது என்றால் சும்மாவா?

சமையலறைக்குள் மின்சாரம்

1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மிகச் சில வீடுகளில்தான் மின்சாரம் இருந்தது. இருந்த வீடுகளிலும் பெரும்பாலும் விளக்குக்கு மட்டும். நிலக்கரி அடுப்பு, கரி வாளி, புகைபடிந்த சுவர் என்று வீட்டு வேலை பெண்களின் முதுகை ஒடித்தது. மின்சாரம் வந்தால் இந்தச் சுமை இறங்கும் என்று ஹாஸ்லெட் நம்பினார். அவருக்கு அது வெறும் இன்ஜினியரிங் விஷயமல்ல. வீட்டு வேலையில் மிச்சமாகும் நேரத்தில் ஒரு பெண் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பொதுக் காரியங்களில் ஈடுபடலாம் என்பது அவருடைய கணக்கு.

மேபல் மாத்யூஸ் என்ற பெண் பொறியாளர், வீட்டுப் பெண்களிடையே மின்சாரத்தை எடுத்துச் செல்ல ஒரு அமைப்பு வேண்டும் என்று ஒரு யோசனை சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு காரியமாக்கியவர் ஹாஸ்லெட். 1924 நவம்பரில் பெண்கள் மின்சாரச் சங்கம் பிறந்தது. அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்று 1956 வரை அந்த நாற்காலியில் இருந்தார். பின்னாளில் அது 90 கிளைகளும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களும் கொண்ட பெரிய அமைப்பாக வளர்ந்தது.

இந்தச் சங்கம் செய்த வேலையை நாம் கவனிக்க வேண்டும். வீட்டுப் பெண்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். ஃபியூஸ் ஏன் போகிறது, பிளக்கில் ஒயரை எப்படி மாட்டுவது, மீட்டர் எப்படிப் படிப்பது என்று பயிற்சி தந்தார்கள். செயல்முறை விளக்கம் செய்து காட்டும் பெண்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். 1934-ல் பெண்களுக்கான மின்சாரக் கையேடு ஒன்றை ஹாஸ்லெட்டே தொகுத்து வெளியிட்டார். 1935-ல் பிரிஸ்டல் நகரில் எல்லாமே மின்சாரத்தில் இயங்கும் ஒரு வீட்டைக் கட்டி மக்களுக்குக் காட்டினார்கள்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. கற்றுக்கொடுத்ததோடு நிற்காமல் அவர்கள் காது கொடுத்துக் கேட்கவும் செய்தார்கள். சாக்கெட் எந்த உயரத்தில் இருந்தால் வசதி, எந்தச் சாமான் கையைச் சுடுகிறது, குழந்தை எதைத் தொடுகிறது என்பதெல்லாம் வீட்டில் இருப்பவருக்குத்தானே தெரியும்? கம்பெனிகளுக்கும் இன்ஜினியர்களுக்கும் எட்டாத அந்தத் தகவல் கிளைகள் வழியாக அவரிடம் வந்து சேர்ந்தது.

1931-ல் அரசு விருது வந்தது. 1932-ல் அந்நாட்டு மின் பொறியாளர் கழகம் அவரைத் தன் கம்பானியன் என்ற நிலையில் சேர்த்துக்கொண்டது. அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்தான். டைப்ரைட்டரில் ஆரம்பித்த பெண்!

இருபது பேரில் ஒருவர்

அக்காலத்து இங்கிலாந்தில் பிளக் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? இரண்டு பின், மூன்று பின், 2 ஆம்பியர், 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று வகைவகையாக. ஒரு அறையில் பொருந்தும் பிளக் அடுத்த அறையில் பொருந்தாது. பல வீடுகளில் சாக்கெட்டே கிடையாது. விளக்கு ஹோல்டரில் அடாப்டர் மாட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்து அயர்ன் பாக்ஸை ஓட்டினார்கள். ஹோல்டரில் எர்த் ஏது? பொருந்தாத இடத்தில் மனிதன் என்ன செய்வான்? பிளக்கை வெட்டிவிட்டு ஒயரைச் சொருகுவான். நான் செய்த மாதிரி!

1939-ல் அந்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. அதே ஆண்டு இரண்டாம் உலகப் போர் தொடங்கிற்று. குண்டு விழுந்து வீடுகள் இடிந்தன. போர் முடிந்ததும் லட்சக்கணக்கில் வீடு கட்ட வேண்டியிருக்கும், அவற்றில் ஒயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய 1942-ல் மின் பொறியாளர் கழகம் ஒரு குழுவைக் கூட்டியது. 20 பேர் கொண்ட குழு. அதில் ஒரே பெண் ஹாஸ்லெட். வீட்டுப் பாதுகாப்பு என்ற விஷயத்தை நன்கு அறிந்தவர் என்ற முறையில் அவர் அங்கே உட்கார்ந்தார்.

1944-ல் குழுவின் அறிக்கை வந்தது. புதிய சாக்கெட் எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளில் முதல் இடம் சிறு குழந்தைகளின் பாதுகாப்புக்கு. விலை, செம்பு, தயாரிப்பு எல்லாம் பின்னால்தான். சாக்கெட்டுக்குள் இருக்கும் கரண்ட் பாகத்தைக் குழந்தையின் விரலோ ஊசியோ எட்டாதபடி ஷட்டர் போன்ற தடுப்பு வேண்டும் என்று அது வற்புறுத்தியது. அந்த அறிக்கையின் வழியே 1947-ல் வந்ததுதான் பி.எஸ். 1363 என்ற தரநிலை. என் மாமா கொண்டுவந்த தட்டைப் பின் பிளக் அதன் பிள்ளைதான். பிரிட்டனில் மட்டுமல்ல, சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளிலும் இன்றைக்கும் அதுவே நடைமுறை.

இது அம்மையார் தனி ஆளாகக் கண்டுபிடித்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது குழு வேலை. ஆனால் வீட்டுப் பெண்ணின் அனுபவத்தையும் குழந்தையின் விரலையும் அந்த அறைக்குள் கொண்டுபோனவர் அவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பிளக்குக்குள் இருக்கும் பாடம்

அந்த பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளம். உள்ளே போகும்போது முதலில் தொடுவது எர்த், வெளியே வரும்போது கடைசியாக விடுவதும் எர்த். அது நுழையும்போதுதான் கீழே உள்ள இரண்டு துளைகளின் ஷட்டரும் திறக்கும். எர்த் இணைந்த பிறகே ஃபேஸ் கிடைக்கும் என்ற ஒழுங்கு, ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டால் சாதிக்கப்படுகிறது. நான் பேனா மூடியால் திறந்து வைத்தது இந்தக் கதவைத்தான்.

அந்தக் குழு ரிங் சர்க்யூட்டையும் பரிந்துரைத்தது. ஒரே கேபிள் வீட்டைச் சுற்றி வந்து, புறப்பட்ட ஃபியூஸுக்கே திரும்பும். எந்த சாக்கெட்டுக்கும் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் வருவதால் செம்பு மிச்சம். போர்க்காலத்தில் அது பெரிய விஷயம். ஆனால் அந்த ரிங்குக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ். ஒரு டேபிள் லாம்ப்பின் மெல்லிய ஒயரில் கோளாறு வந்தால் 30 ஆம்பியர் ஃபியூஸ் போவதற்குள் ஒயர் தீப்பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு ஃபியூஸ். சின்னச் சாமானுக்கு 3 ஆம்பியர், ஹீட்டர் மாதிரி பெரியதற்கு 13 ஆம்பியர். ஒரே பிளக், ஒரே சாக்கெட், உள்ளே ஃபியூஸ் மட்டும் மாறும்.

ஒயர் பிளக்கின் கீழ்ப்பக்கமாக வெளியே வருகிறது. ஒயரைப் பிடித்து இழுத்தால் பிளக் சுலபத்தில் கழன்று வராது, கையால் பிளக்கைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே கிளாம்ப் ஒயரின் வெளி உறையைக் கவ்விக்கொள்வதால் இழுவை டெர்மினலுக்குப் போகாது. அப்படியும் மீறி இழுபட்டால் முதலில் கழல்வது ஃபேஸ், கடைசியில் கழல்வது எர்த். எர்த் ஒயரை நீளமாக விடுவது அதற்குத்தான்.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இந்த பிளக் யாரையும் ஜாக்கிரதையாக இரு என்று கெஞ்சவில்லை. மனிதன் அவசரப்படுவான், ஈரக் கையோடு வருவான், ஒயரைப் பிடித்து இழுப்பான், குழந்தை விரலை விடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செய்யப்பட்டது அது. தப்பே செய்யாதவனுக்கு மட்டும் பாதுகாப்பாக இருக்கும் இணைப்பு, பாதுகாப்பான இணைப்பே அல்ல. ஹாஸ்லெட் அம்மையாரின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்.

கடைசி நாட்கள்

1947 அம்மையாரின் வாழ்க்கையில் நிறைவான ஆண்டு. பி.எஸ். 1363 வெளிவந்தது. பிரிட்டனின் மின் விநியோகம் அரசுடைமையானபோது அமைக்கப்பட்ட மின்சார ஆணையத்தில் அவர் உறுப்பினரானார். அங்கே இடம் பெற்ற முதல் பெண் அவரே. டேம் என்ற பட்டமும் அதே ஆண்டுதான். அந்த ஆணையம், மின் நிலையங்களுக்கு நிலக்கரி ஏற்றிவரும் தன் கப்பல்களில் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டியது.

உடல்நலம் குன்றியதால் 1956-ல் பொறுப்பிலிருந்து விலகினார். 1957 ஜனவரி 4-ஆம் தேதி, சஃபோக் பகுதியில் பங்கே என்ற ஊரில் தம் சகோதரியின் வீட்டில் காலமானார். வயது 61. தம் உடலை மின்சாரத்தால் தகனம் செய்ய வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். வாழ்நாள் முழுதும் எதை நம்பினாரோ, கடைசியிலும் அதன் கையிலேயே தம்மை ஒப்படைத்துக்கொண்டார். அவர் வளர்த்த பெண்கள் மின்சாரச் சங்கம் 1986-ல் கலைக்கப்பட்டது. பெண் பொறியாளர் சங்கம் நூறாண்டு தாண்டி இன்றும் நடக்கிறது.

நம் கைக்கு வருவோம்

நம்ம ஊர் உருண்டைப் பின் பிளக்கும் பிரிட்டனின் பழைய தரநிலையிலிருந்து வந்ததுதான். ஐ.எஸ். 1293 என்பது நம் தரநிலையின் எண். 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இரண்டு அளவு. இதிலும் எர்த் பின் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலும் இந்த பிளக்குக்குள் ஃபியூஸ் கிடையாது. அதனால் நம் கைவேலை இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும்.

பட்ட பிறகு நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு நண்பனின் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வெறும் ஒயரைச் சாக்கெட்டில் சொருகுவதில்லை. அஞ்சு நிமிஷத்துக்குக்கூட இல்லை. சாக்கெட்டையோ போர்டையோ திறப்பதானால் மெயினை நிறுத்திவிட்டு, டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் கை வைக்கிறேன். பிளக் மாட்டும்போது எல், என், ஈ என்ற எழுத்தைப் பார்த்து பிரவுனை எல்-லுக்கும், நீலத்தை என்-னுக்கும், பச்சை-மஞ்சளை ஈ-க்கும் கொடுக்கிறேன். எர்த் ஒயரை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விடுகிறேன். டெர்மினலுக்குத் தேவையான அளவே சீவுகிறேன். இழைகளை நன்றாக முறுக்குகிறேன், ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடுவதில்லை. ஸ்க்ரூ இன்சுலேஷனைக் கடிக்காமல் செம்பைக் கடிக்கிறதா என்று பார்க்கிறேன். தளர்ந்த இணைப்பு சூடாகும், சூடு இன்சுலேஷனைத் தின்னும், கடைசியில் தீ. கிளாம்ப் உள் ஒயரை அல்ல, வெளி உறையைப் பிடிக்க வேண்டும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பார்க்கிறேன்.

சாக்கெட்டில் ஒயர் கொடுக்கும்போது, எர்த் துளை மேலே இருக்க நேராகப் பார்த்தால் வலது கைப்பக்கம் ஃபேஸ், இடது கைப்பக்கம் நியூட்ரல். ஸ்விட்ச் எப்போதும் ஃபேஸில்தான். நியூட்ரலில் ஸ்விட்ச் வைத்தால் ஆஃப் செய்த பிறகும் சாமானில் கரண்ட் நிற்கும். எங்கள் வீட்டில் இப்போது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தாகிவிட்டது. ஃபியூஸ் செய்யாத வேலையை அது செய்யும். அன்றைக்கு அது இருந்திருந்தால், அம்மா வழியாகத் தரைக்குக் கரண்ட் கசிந்த மறு நொடிக்குள் தானாகத் துண்டித்திருக்கும்.

முதல் வேலையாக அந்த அயர்ன் பாக்ஸுக்குப் புது மூன்று பின் பிளக் வாங்கி, பச்சை-மஞ்சளையும் சேர்த்து மாட்டினேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கும் கற்றுத் தருகிறேன் என்று ஸ்க்ரூ டிரைவரை அவள் கையில் கொடுத்தேன். முதலில் தயங்கினாள். அப்புறம் அடுத்த வீட்டு மிக்ஸி பிளக்கை அவளே மாட்டிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். எர்த் ஒயரை நீளமாக விட்டாளா என்றுதான் முதலில் கேட்டேன். விட்டிருக்கிறாள்.

நண்பர்களே, நாளைக்கு நாம் ஒயர்மேனாக, சூப்பர்வைசராக, காண்ட்ராக்டராக எங்கெங்கோ போகப் போகிறோம். நாம் மாட்டிவிட்டு வரும் ஒவ்வொரு சாக்கெட்டையும் நம்மை நம்பி யாரோ ஒரு அம்மா ஈரக் கையோடு தொடப் போகிறாள். அறுத்தெடுத்த அந்த பிளக்கை நான் இன்னும் தூக்கி எறியவில்லை. என் மேஜை மேலேயே இருக்கட்டும்.

— மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன்